கல்வராயன் மலைக்குப் போறீங்களா? இரவு தங்கலாமா, மாலையே இறங்கிவிடலாமா? முழு விவரம்!

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. அருவியில் குளித்து முடித்து, ஈரத் துண்டோடு நிற்கிறது ஒரு குடும்பம். "இன்னைக்கு இங்கேயே தங்கிடலாமே" என்கிறார் ஒருவர். "ரூம் கிடைக்குமா?" என்று கேட்கிறார் இன்னொருவர். போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் இல்லை. அங்கே இங்கே விசாரித்து முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது.

கல்வராயன் மலைக்குச் செல்பவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தங்குவதா, திரும்புவதா என்பதை மலை மேல் நின்று முடிவு செய்யக் கூடாது. கீழே, சங்கராபுரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். ஏன், எப்படி என்று பார்க்கலாம்.

கல்வராயன் மலை எங்கே இருக்கிறது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டு பகுதிகள். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி. ஊட்டியின் உயரம் 7,000 அடிக்கும் மேல். அதனால் ஊட்டிக் குளிரை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கல்வராயன் மலைக்குத் தனி வட்டமும் உண்டு. அதன் தலைமையிடம் வெள்ளிமலை. மலைக் கிராமங்கள் பலவும் இன்றைக்கும் சங்கராபுரம் சட்டமன்றத் தொகுதிக்குள்தான் வருகின்றன.

எப்படிப் போவது?

முக்கியமாக இரண்டு வழிகள்.

ஒன்று, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் ஏறும் சாலை. சுற்றுலாப் பயணிகள் அதிகம் போவது இதில்தான்.

இன்னொன்று, சங்கராபுரத்திலிருந்து மூலக்காடு வழியாக சேராப்பட்டு பக்கம் ஏறும் சாலை. சென்னை, பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை வழியாக வருபவர்கள் மூங்கில்துறைப்பட்டு தாண்டியதும் சங்கராபுரம் வந்துவிடும். அங்கிருந்து கள்ளக்குறிச்சி சுமார் 20 கி.மீ.

ரயிலில் வருபவர்களுக்கு அருகில் உள்ள நிலையம் சின்னசேலம். மலைக்குச் செல்லும் அரசுப் பேருந்துகள் குறைவு. பேருந்தில் போகிறீர்கள் என்றால், ஏறும்போதே நடத்துநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கடைசி பஸ் எத்தனை மணிக்கு இறங்கும்ணே?"

ஒரே நாளில் எவ்வளவு பார்க்க முடியும்?

அடிவாரத்திலிருந்து காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் முக்கியமான இடங்களைப் பார்த்துவிடலாம்.

போகிற வழியிலேயே கோமுகி அணை. மேலே ஏறினால் பெரியார் நீர்வீழ்ச்சி. சாலையை ஒட்டியே இருப்பதால் குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் வசதி. கூட்டம் அதிகமாக இருப்பதும் இங்கேதான். அடுத்து கரியாலூரில் படகுக் குழாம், சிறுவர் பூங்கா. இவ்வளவையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டையும் முடித்தால் மூன்று மணி ஆகிவிடும். அப்போது இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்துக்கு வந்துவிடலாம்.

மேகம், கவியம், சிறுகலூர் அருவிகளின் கதை வேறு. இவற்றுக்கு நடை உண்டு, பாதை தெரிந்த ஆள் வேண்டும், வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். பெரியார் நீர்வீழ்ச்சியையும் பார்த்து, இவற்றில் ஒன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தங்குங்கள்.

இரவு தங்கினால் என்ன கிடைக்கும்?

அதிகாலையும் மாலையும்தான் இந்த மலையின் நல்ல நேரம். பகலில் கீழே இருக்கும் வெயில் மேலேயும் ஓரளவு இருக்கும். சூரியன் இறங்கிய பிறகுதான் மலைக்காற்று தெரியும். மார்கழி, தை மாதங்களில் காலையில் பனிமூட்டம், நல்ல குளிர்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. விடுமுறை நாட்களில் அடிவாரத்திலிருந்து கார்களும் வேன்களும் வந்து சேர்ந்து கூட்டம் கூடுவதற்கு முன்பே, மேலே தங்கியவர் அருவிக்குப் போய்விடலாம்.

ஆனால், இரவில் 'பொழுதுபோக்கு' என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏற்காடு மாதிரி ஏரிக்கரைக் கடைவீதி, வரிசையாக ஓட்டல்கள் எல்லாம் இங்கே இல்லை. மலைக் கிராமங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பிஸ்கெட் பாக்கெட்தான் துணை.

சரி, எங்கே தங்குவது?

மலையில் அறைகள் மிகக் குறைவு. கரியாலூரில் வனத்துறை விடுதி உள்ளது. அதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நேரில் போய் நின்றால் அறை கிடைக்கும் என்று நம்ப முடியாது. கரியாலூரில் கோடை விழா நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது இன்னும் கஷ்டம்.

தனியார் இடங்களில் தங்குவதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: அறை உண்மையிலேயே மலை மேல் இருக்கிறதா, அடிவாரத்திலா? இரவுச் சாப்பாடு கிடைக்குமா? எந்த நெட்வொர்க் அங்கே எடுக்கும்? இணையத்தில் 'கல்வராயன் மலை அருகே' என்று காட்டும் விடுதி கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் இருக்கவும் வாய்ப்புண்டு.

அருவி ஓரத்தில் கூடாரம் போடலாமா?

வேண்டவே வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் தங்குவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயை யாரும் மறந்திருக்க முடியாது. மலையேற்றம் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. கல்வராயன் மலையிலும் மாசி முதல் வைகாசி வரை காடு காய்ந்து கிடக்கும். சமைக்க மூட்டும் சின்ன அடுப்பு போதும், காடே பற்றிக்கொள்ள.

ரூம் கிடைக்கவில்லை... ராத்திரியிலேயே இறங்கிடலாமா?

இதைத்தான் தவிர்க்க வேண்டும். மலைச் சாலை வளைவுகள் நிறைந்தது. இருட்டில் எதிரே வரும் வண்டியின் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இருக்காது. வனவிலங்குகளும் கால்நடைகளும் சாலையைக் கடக்கலாம். வண்டி நின்றுவிட்டால், மெக்கானிக்கைக் கூப்பிட சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி நடக்க வேண்டியிருக்கும். மலையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. பெரிய சிகிச்சை என்றால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் இறங்கி வர வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதங்களில் மூன்று மணியைத் தாண்டி மேலே நிற்காதீர்கள். கோடையில் நான்கு மணி வரை தாக்குப்பிடிக்கலாம்.

மழை நேரத்தில் என்ன செய்வது?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அருவிகள் அழகாக இருக்கும். ஆபத்தாகவும் இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே வேறொரு முகட்டில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கும். பலத்த மழை பெய்தால் வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கலாக மாறினாலோ, இலை தழைகள் அடித்துக்கொண்டு வந்தாலோ உடனே கரையேறிவிடுங்கள். செல்ஃபி அப்புறம்.

கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் தங்கும் திட்டத்தைக் கைவிடுவதே நல்லது. மண்சரிந்தோ மரம் விழுந்தோ சாலை அடைபட்டால், ஒரு இரவுக்கென்று போனவர்கள் இரண்டு இரவு இருக்க வேண்டி வரும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது

தங்குவது, திரும்புவது என்ற இரண்டை மட்டும் யோசிப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் மாலையே வந்து அடிவாரத்தில் தங்குவது. கள்ளக்குறிச்சியில் லாட்ஜ்கள் இருக்கின்றன. சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் மருந்துக் கடைக்கும் பிரச்சினை இல்லை. விடியற்காலையில் கிளம்பினால் கூட்டத்துக்கு முன்பே மலை ஏறிவிடலாம். வெளிச்சத்திலேயே ஏறி, வெளிச்சத்திலேயே இறங்கலாம். நேரம் மிச்சமிருந்தால் சங்கராபுரத்துக்கு அருகே உள்ள மணிமுக்தா அணையையும் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பௌர்ணமி கிரிவல நாளில் திருவண்ணாமலையில் தங்கிவிட்டு வரலாம் என்று திட்டம் போடாதீர்கள். அன்று அங்கே அறை கிடைப்பதே பெரிய வேலை. சங்கராபுரம் வழியாகப் போகும் பேருந்துகளிலும் கூட்டம் இருக்கும்.

இத்தாலியிலும் இதே கேள்விதான்!

இத்தாலியின் கடலோரத்தில் 'சிங்குவே தெர்ரே' என்று அழைக்கப்படும் ஐந்து சிறிய கிராமங்கள் உள்ளன. 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. பகல் முழுக்க ரயிலிலும் படகிலும் வந்து இறங்கும் கூட்டத்தில் சந்துகள் நிரம்பி வழியும். மாலையில் அவர்கள் போனபிறகு ஊர் அமைதியாகிவிடும். அதனால் 'ஒரு இரவாவது தங்குவதா, பக்கத்து நகரத்தில் தங்கிவிட்டு வந்து போவதா' என்ற குழப்பம் அங்கே போகும் எல்லோருக்கும் உண்டு. 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பேய்மழையில் அதே கிராமங்களில் வெர்னாட்சா, மொந்தெரோஸ்ஸோ இரண்டும் சேற்று வெள்ளத்தில் மூழ்கின. மலைச்சரிவில் இருக்கும் ஊர்களுக்கு மழை எப்போதும் ஆபத்துதான், எந்த நாடாக இருந்தாலும்.

வெனிஸ் நகரம் ஒரு படி மேலே போனது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமாக இருக்கும் குறிப்பிட்ட நாட்களில், வந்துவிட்டு அன்றே திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. இரவு தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. பகலில் வந்து கூட்டத்தையும் குப்பையையும் மட்டும் விட்டுச் செல்பவர்களால் ஊருக்கு வருமானம் குறைவு என்ற வாதம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

நம்ம ஊரிலும் கட்டுப்பாடு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். அங்கே கெடுபிடி கூடும்போது கல்வராயன் போன்ற சிறிய மலைகளைத் தேடி வருபவர்கள் அதிகரிப்பது இயல்புதான்.

மலை மக்களுக்கு எது நல்லது?

இதையும் யோசித்துவிட்டுப் போவது நல்லது. கல்வராயன் மலை ஒரு சுற்றுலாத்தலம் என்பதற்கு முன்னால், மலையாளி பழங்குடி மக்களின் ஊர். தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலை, 1976-ல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயச் சம்பவத்துக்குப் பிறகு, இந்த மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் பற்றிய கேள்விகள் அதில் எழுந்தன.

சுற்றுலா வாசிகள் ஒரு நாள் சிரமப்படும் அதே சாலையில்தான் அந்த மக்கள் தினமும் போய் வருகிறார்கள். கீழே இருந்தே பார்சல் கட்டிக்கொண்டு போய், குப்பையை மட்டும் மேலே போட்டுவிட்டு இறங்கினால் அவர்களுக்கு என்ன மிச்சம்? தங்கினாலும் தங்காவிட்டாலும் ஒரு வேளைச் சாப்பாடு மேலே உள்ள கடையில் சாப்பிடலாம். சாமை, தேன், கடுக்காய் விற்பவர்களிடம் நேரடியாக வாங்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டு வாசலில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அப்போ முடிவு என்ன?

ஒரே நாளில் திரும்பலாம்: பெரியார் நீர்வீழ்ச்சி, கரியாலூர் மட்டும் போதும் என்பவர்கள், பைக்கில் வருபவர்கள், மழைக்காலத்தில் போகிறவர்கள்.

அடிவாரத்தில் தங்கலாம்: கைக்குழந்தை, வயதானவர்கள், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் உள்ள குடும்பங்கள், தூரத்து ஊர்களிலிருந்து வருபவர்கள்.

மலையில் தங்கலாம்: அறை உறுதியானவர்கள் மட்டும். நடந்து போய்ப் பார்க்கும் அருவிகளை விரும்புபவர்களுக்கும், விடியற்காலைப் பனியைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் அந்த ஒரு இரவு வீண் போகாது.

எதுவானாலும் டேங்க்கைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அறை உறுதியாகவில்லை என்றால் மூன்று மணிக்குக் கிளம்பிடுங்க. அருவி எங்கேயும் போகாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.