படகை விடும் முன் நட்டைப் பாருங்கள்

பிள்ளைக்கு ரிமோட் படகு வாங்குபவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், பேட்டரி எத்தனை நிமிடம் நிற்கும் என்று கேட்பார்கள். புரொப்பெல்லரை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்பவர் அரிது. வோல்ட்டுக்கு 2000 சுற்று என்று குறித்த மோட்டாரை 11.1 வோல்ட் பேட்டரியில் மாட்டினால், சுமையில்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 22,000 சுற்று. அந்த வேகத்தில் உலோக இதழ் பட்டால் விரலில் வெறும் கீறலோடு போகாது.

வால்பக்கத்தில் சாதாரண நட் இருந்தால் அதிர்விலேயே தளரும். உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட் போடுங்கள். பலமுறை கழற்றி மாட்டியதென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது படகுக்குள் மறைந்திருக்கும் கப்ளிங்கில்தான். மோட்டாரையும் ஷாஃப்டையும் இணைக்கும் அதிலுள்ள தலையில்லாத சின்ன ஸ்குரூ, உருண்டைக் கம்பியின் மேல் வழுக்கும். ஸ்குரூ உட்காரும் இடத்தைத் தட்டையாக ராவி, கிரீஸைத் துடைத்து, நீலநிறத் திரெட் லாக்கர் ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு சூடாக்காமல் கழலாது. கம்பிகளை முறுக்கிச் செய்த வளையும் ஷாஃப்ட் சுமையில் சற்றுக் குறுகும். அதனால் புரொப்பெல்லருக்கு முன்னால் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டே இறுக்க வேண்டும். ஷாஃப்ட் உருவிக்கொண்டு போனால் அது செல்லும் குழாய் வழியாகவே தண்ணீர் உள்ளே ஏறும்.

பாசியோ நைலான் நூலோ சுற்றிக்கொண்டால், பேட்டரி இணைப்பைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள். சில விளையாட்டுப் படகுகளில் அடிப்பக்கம் தண்ணீர் பட்டால்தான் மோட்டார் ஓடும். ஈரக்கை பட்டாலும் ஓடிவிடலாம். நடுக்குளத்தில் நின்ற படகுக்காகப் பிள்ளையை நீந்த விடாதீர்கள். படகு போனால் போகட்டும்.

இனி சட்டம். 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் ‘14 வயதுக்கு மேல்’ என்றிருந்தால் அந்தக் காப்பை நம்பிச் சிறுபிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. குறைபாடுள்ள பொருளாலோ, போதிய எச்சரிக்கை தராததாலோ காயம் ஏற்பட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். ஆனால் தவறாகப் பயன்படுத்திய, மாற்றியமைத்த பொருளுக்கு விற்பனையாளரைப் பிடிக்க முடியாது என்கிறது 87ஆம் பிரிவு. கையேட்டின்படி நட்டை இறுக்குவது வேறு; பெரிய புரொப்பெல்லர் மாட்டுவது வேறு.

ஆகவே புதுப் படகிலேயே ஷாஃப்ட் ஆடினால், கை வைக்கும் முன் படம் எடுத்து விற்றவருக்கு எழுதுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில்லையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள்: வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு.