துளிக்குள் ஒரு செல்
பலருக்கும் பொதுவான ஒரு கருவியின் கதை

வீட்டுக் குழாயை மிகச் சிறிதளவே திறந்து, நீர் நூல் போல விழும்படி செய்யுங்கள். மேலே கண்ணாடிக் கம்பி போல வழவழப்பாக இருக்கும் அந்த நீர்நூல், சற்றுக் கீழே வந்ததும் துளித்துளியாக உடைவதைக் காணலாம். பரப்பு இழுவிசையே இதற்குக் காரணம். ராலே பிரபு 19ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். இந்த எளிய நிகழ்ச்சியை நம்பி, இன்று பல நாடுகளின் உயிர்மருத்துவ ஆய்வுக்கூடங்களில் ஒரு கருவி இயங்கி வருகிறது. அதனைச் 'செல் பிரிப்பான்' என்று அழைப்போம்.

இக்கருவி எதற்கு? ஒரு துளி இரத்தத்தில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. அவற்றுள் குறிப்பிட்ட ஒரு வகைச் செல்லை மட்டும், உயிருடன், தனியே எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மரபியல் அறிஞர் லியோனார்டு ஹெர்சன்பெர்க், ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து எண்ணிக் களைத்துப் போனவர். இவ்வேலையை ஒரு பொறி செய்யலாகாதா என்று அவர் எண்ணினார்.

அதற்கான பொறி அவருடைய பல்கலைக்கழகத்திலிருந்தே ஒருமுறை வெளியூர் போய்த் திரும்பியது என்பதுதான் வேடிக்கை. ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்டு ஸ்வீட் என்ற பொறியாளர், மைத்துளிகளுக்கு மின்னூட்டம் அளித்து, மின்புலத்தால் அவற்றைத் திருப்பி, ஓடும் காகிதத்தில் அலைகளை வரையும் கருவி ஒன்றை அமைத்திருந்தார். லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மாக் ஃபுல்வைலர் அம்முறையைக் கைக்கொண்டார். மைக்குப் பதில் செல்கள் மிதக்கும் நீர்மத்தைச் செலுத்தி, செல்களைப் பருமனுக்கேற்பப் பிரித்து, 1965இல் முடிவுகளை வெளியிட்டார். ஹெர்சன்பெர்க்குக்குப் பருமன் போதவில்லை. ஒளிர்தலைக் கொண்டு பிரிக்க வேண்டியிருந்தது. லாஸ் அலமாஸிலிருந்து வரைபடங்களைப் பெற்று வந்தார். கட்டித் தர ஆள் வேண்டுமே! அவரது துறையிலேயே, ஜோஷுவா லெடர்பெர்க்கின் பொறுப்பில், பிற கோள்களில் உயிர் உண்டா என்று தேடும் கருவிகளுக்காக விண்வெளி நிறுவனமான நாசாவின் நிதியில் ஒரு பணிமனை இருந்தது. அங்கிருந்த பொறியாளர்கள் கைகொடுக்க, 1969இல் ஒளிர்தலைக் கண்டு செல் பிரிக்கும் கருவி பற்றிய கட்டுரை வெளிவந்தது. 1972இல் பாதரச விளக்கின் இடத்தில் ஆர்கான் லேசர் அமர்ந்தது.

இனி, அது வேலை செய்யும் விதம். வேண்டிய செல்லின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்துச் செல்களோடு கலக்கிறார்கள். பிறகு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முடியளவே குறுக்களவுள்ள துளை வழியே நீர்த்தாரையாகப் பாய்கின்றன. 488 நானோமீட்டர் நீல லேசர் ஒளி படும்போது, சாயம் ஏறிய செல் பச்சையாக ஒளிர்கிறது. ஒளியுணர்கருவி அதனைக் கண்டுகொள்கிறது. துளை அதிர்ந்துகொண்டே இருப்பதால் தாரை ஒரே சீராகத் துளிகளாக உடைகிறது. தாரையின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், அடுத்தடுத்த துளிகளுக்கு இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு எத்தனை துளிகள்? வகுத்துப் பாருங்கள்: முப்பதாயிரத்துக்கும் மேல்! வேண்டிய செல்லைத் தாங்கிய துளி தாரையிலிருந்து அறுபடும் அதே கணத்தில் தாரைக்கு மின்னூட்டம் தரப்படுகிறது. அறுபட்ட துளி அந்த மின்னூட்டத்தைச் சுமந்து, உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கிடையே வளைந்து, தனிக் குழாயில் விழுகிறது. கணம் தவறினால் பக்கத்துத் துளிதான் வளையும். வேண்டாத செல் வந்து சேரும்.

1988இல் ஸ்டான்ஃபோர்டின் இர்விங் வெய்ஸ்மன் குழுவினர், எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்தத்தின் மூலச் செல்களை இம்முறையால் பிரித்தனர். மஜ்ஜைச் செல்களில் அவை இரண்டாயிரத்தில் ஒன்றுதான். ஆனால் கதிர்வீச்சால் சாக இருந்த எலிகளில் பாதியைப் பிழைக்க வைக்க அத்தகைய 30 செல்கள் போதுமானவையாக இருந்தன. நொடிக்கு 5,000 செல்களைப் பார்க்கும் கருவியிலும், ஒரு மணி நேரத்தில் அவ்வகைச் செல்கள் 9,000தான் தேறும் என்று கணக்கு சொல்கிறது. ஆய்வாளருக்குக் கருவியின் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு அருமை என்பது இதிலிருந்து விளங்கும்.

விலையோ இன்று சில கோடி ரூபாய். ஒவ்வொரு பேராசிரியரும் ஒன்று வாங்க இயலாது. வாங்கினாலும் பெரும்பாலான நாள்கள் சும்மாவே கிடக்கும். எனவே பல்கலைக்கழகங்கள் பொதுக் கருவிக்கூடம் அமைக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் உண்டு, பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் உண்டு. முன்பதிவு, மணிக்கணக்கில் கட்டணம், பயிற்சி பெற்றோருக்கே அனுமதி என்பவை இத்தகைய கூடங்களின் பொது வழக்கம்.

ஆனால் கூடத்தை நடத்துவது விதிகள் அல்ல. அங்கே இருக்கும் இயக்குநர்தான். காலையில் வந்து லேசரையும் தாரையையும் நேர்ப்படுத்துவார். ஒளிர்வு இவ்வளவு என்று முன்பே தெரிந்த பிளாஸ்டிக் மணிகளை ஓடவிட்டு, நேற்றைய அளவோடு ஒப்பிடுவார். செல்கள் திரண்டு துளையை அடைத்துவிட்டால் அன்றைய வேலை நின்றது. முந்தியவர் சரியாகக் கழுவாமல் போனால் அவருடைய செல்கள் அடுத்தவரின் குழாயில் கலக்கும். விடியற்காலையிலிருந்து செல்களைப் பக்குவப்படுத்திப் பனிக்கட்டியில் வைத்துக் காத்திருக்கும் ஆராய்ச்சி மாணவிக்கு, 'நாளை வாருங்கள்' என்பது வெறும் தாமதமன்று; நாளை அந்தச் செல்கள் பயன்படா. கட்டுரைகளின் முகப்பில் இந்த இயக்குநரின் பெயர் பெரும்பாலும் இராது. கடைசியில் நன்றி கூறும் வரியில் இருந்தால் உண்டு. இது நியாயமன்று என்பதே என் எண்ணம்.

நம் நாட்டில் மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள மையம் அவற்றுள் ஒன்று. சிறிய ஊர்க் கல்லூரி மாணவரும் தம் மாதிரியை அனுப்பி, உரிய கட்டணம் செலுத்தி, நிறமாலை வரைபடம் பெற அது வழி செய்தது. இதற்கு மாறாக, நான் அறிந்த ஒரு துறையில் நல்ல நிறமாலைமானி ஒன்று பச்சைத் துணி போர்த்தியபடி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. சாவி ஒருவரிடம் மட்டும்! பிறகு ஒரு நாள் திறந்தபோது விளக்கு எரியவில்லை.

வேதிப்பொடியைப் பொட்டலம் கட்டி அஞ்சலில் அனுப்பலாம். உயிருள்ள செல் அப்படிக் காத்திராது. எடுத்த சில மணி நேரத்திற்குள் அது கருவியைச் சேர்ந்தாக வேண்டும். செல் பிரிப்பானை எந்த ஊரில் வைப்பது என்று முடிவு செய்பவர்கள் பேருந்து அட்டவணையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.