ஓடாத வண்டியிலும் உதிரும் நுரை

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியது. வட அமெரிக்காவில் அதன் பெயர் மியாட்டா. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1997 வரை தயாரான முதல் தலைமுறையில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் விற்பனைக்கு வந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். என்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரங்களில். அந்தத் தலைமுறையின் கடைசி வண்டிக்கே இப்போது வயது 25ஐத் தாண்டிவிட்டது.

ஒவ்வொரு ஷாக் அப்சார்பரின் தண்டிலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு நுரைக் கட்டை செருகியிருக்கும். இதுதான் பம்ப் ஸ்டாப்: சக்கரம் மேலே ஏறும்போது, ஷாக்கின் உடல் மேல் தாங்கியில் மோதாமல் இடையில் நசுங்கித் தடுக்கும் உதிரி. எம்எக்ஸ்-5 தாழ்வான கார். சக்கரம் ஏறி இறங்க அதில் இடம் குறைவு. ஆகவே இந்த நுரை என்றைக்கோ ஒருநாள் பெரிய பள்ளத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. வேகமாக வளையும்போதும், இருவர் ஏறி டிக்கியில் பெட்டி இருக்கும்போதும் பின்பக்கம் அதன் மேல் வந்து உட்காரும். அதை இரண்டாவது ஸ்பிரிங் என்றே சொல்லலாம்.

பின்சக்கரம் ஒன்றின் மேல் இறங்கும் எடையை 250 கிலோ என்று கொள்வோம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் வாங்கியது போக, அந்த எடை இன்னும் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழே வந்துகொண்டிருக்கிறது. நிறுத்த வேண்டிய ஆற்றல் 125 ஜூல். நுரை 30 மி.மீ. நசுங்கி அதை ஏற்றால், நிறுத்தும் விசை சராசரியாக 425 கிலோ எடைக்குச் சமம். எடுக்கும் நேரம் 0.06 விநாடி. நுரை இல்லாமல், உலோகமும் ரப்பரும் சேர்ந்து 3 மி.மீ. மட்டுமே விட்டுக்கொடுத்தால், விசை 4,250 கிலோ, நேரம் 0.006 விநாடி. பள்ளமும் வேகமும் மாறவில்லை. அடி பத்து மடங்கு. ஷாக் சக்கரத்துக்கு உட்புறம் தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதால், அதன் மேல் விழுவது இதையும் விஞ்சும்.

நுரையின் பொருள் பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் உருவாக்கிய பிளாஸ்டிக் குடும்பம் இது. இந்த வேலைக்குப் பயன்பட்ட நுரைகள் பலவும் அதில் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தவை. உறுதியானவை, எண்ணெய்க்கு அசையாதவை. ஆனால் காற்றின் ஈரம் அவற்றின் மூலக்கூறுச் சங்கிலியை எஸ்டர் பிணைப்புகளில் வெட்டுகிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை விரைவுபடுத்துகிறது. அதனால் சிதைவு சீராக நடப்பதில்லை; பல ஆண்டுகள் எதுவும் தெரியாது, பிறகு சட்டென்று முடிந்துவிடும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். ஈரமும் வெயிலும் சேர்ந்த ஃபுளோரிடாவில் நின்ற வண்டியும், வறண்ட அரிசோனாவில் நின்ற வண்டியும் இதில் ஒரே வயதுடையவை அல்ல.

பல வருடம் பெட்டிக்குள் கிடந்த ஸ்போர்ட்ஸ் ஷூ, அணிந்து நடந்த முதல் நாளே அடிப்பகுதி பிய்ந்து பொடியாவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். ஷூ பயன்படாமலே தேய்ந்தது. பம்ப் ஸ்டாப்பும் அப்படியே. ஓடோமீட்டருக்கும் இதற்கும் தொடர்பு சொற்பம். 20,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, உறை போட்டு மூடி வைத்த 1991 வண்டிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள், கிடைக்கவும் செய்யும். அதன் நுரைக்கும் மற்ற 1991 வண்டிகளின் நுரைக்கும் வயது ஒன்றுதான். அந்த ஆண்டில் வார்த்து, பிரிக்காத பையில் அலமாரியில் இருந்த ‘புத்தம் புதிய அசல்’ உதிரிக்கும் அதே வயது.

சிதைவு ஓட்டுநருக்குத் தானாகத் தெரியவராது. எண்ணெய் கசிவதில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரிவதில்லை. நுரையை ஒரு உறை மூடியிருப்பதால், குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாது. உறையை மேலே தள்ளி நகத்தால் அழுத்த வேண்டும். நல்ல நுரை உடனே எழும். கெட்டதில் நகம் பதிந்த குழி அப்படியே நிற்கும். சிலசமயம் விரலில் ஒட்டும், அல்லது பழுப்புத் தூளாகக் கொட்டும். பல வண்டிகளில் அழுத்திப் பார்க்க எதுவுமே மிஞ்சியிருக்காது. உதிர்ந்த தூள் ஷாக்கின் தண்டைச் சுற்றிய எண்ணெய் சீலின் மேல் படிகிறது. தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது சீலில் உரசுகிறது.

அடுத்த கட்டம் ‘டம்’ என்ற ஓசை. வண்டி பழசு, ஷாக் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புது ஷாக் வாங்குகிறார்கள். புது ஷாக்குடன் பம்ப் ஸ்டாப் வருவது எப்போதும் நடப்பதில்லை. பழைய நுரையையே, அல்லது அதில் மிஞ்சியதை, மாட்டிவிடுகிறார்கள். முதல் பெரிய பள்ளத்தில் அடி நேராகப் புது ஷாக்கின் மேலேயே விழுகிறது. பணம் செலவானது; தடுப்பு இன்னும் இல்லை.

வளைவில் நிலைமை வேறு. 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம் என்றால், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் முக்கால் பங்கு. வெளிப்புறப் பின்சக்கரம் ஏற்கெனவே ஏறி நிற்கிறது. மிச்சமுள்ள இடம் கொஞ்சம். அந்த இடத்தில் ஒரு மேடு. நுரை இருந்தால் விறைப்பு படிப்படியாக ஏறும். இல்லையென்றால் சஸ்பென்ஷன் ஒரு நொடிக்குச் சஸ்பென்ஷனாக இருப்பதை நிறுத்திவிடும். அந்த டயரின் சுமை எகிறுகிறது. டயரின் பிடி சுமைக்கு ஈடாகக் கூடுவதில்லை. அடுத்த கணம் வண்டி துள்ள, சுமையே இறங்கிவிடுகிறது. பின்பக்கம் வெளியே வழுக்குகிறது.

பயந்த ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். எடை முன்னால் போகிறது, பின்பக்கம் மேலும் இலகுவாகிறது. முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.27 மீட்டர்தான் என்பதால் வண்டி விரைவில் சுழலும். முதல் தலைமுறையில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கிடையாது. எதிர்பாராத ஒன்றுக்கு மனிதர் எதிர்வினையாற்ற ஒரு விநாடி ஆகும் என்று வைத்தால், அதற்குள் வண்டி 21 மீட்டர் போயிருக்கும்.

வண்டியைத் தாழ்த்தியவர்கள் நிலை இன்னும் மோசம். வண்டியை 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் சக்கரம் ஏறும் இடத்தில் 30 மி.மீ. போய்விடுகிறது. நுரை வழியில் நிற்கிறதே என்று அதையும் பாதியாக வெட்டுவது வழக்கம். வெட்டிய பிறகு சவாரி முதலில் மென்மையாகத் தெரியும்.

மாற்றுவது கடினமில்லை. பாகத்தின் விலை வண்டியின் ஒரு டயரைவிடக் குறைவு. டிக்கியினுள் இருக்கும் நட்டுகளையும் கீழ் போல்ட்டையும் கழற்றினால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இறங்கும். ஆபத்து அதற்குப் பின்னால். மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஒரு ஸ்பிரிங்கை 120 மி.மீ. அமுக்கினால் அதில் தேங்கும் ஆற்றல் 144 ஜூல். ஒரு கிலோ சுத்தியல் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காம் மாடியிலிருந்து, விழுவதற்கு ஒப்பு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் மாட்டாமல் நடு நட்டைக் கழற்றினால், மேல் தாங்கி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மரை தேய்ந்த கம்ப்ரஸரும் அதே ரகம். இரு பக்கக் கொக்கிகளும் ஒன்றுக்கொன்று நேரெதிரே, சம அளவில் இறுக வேண்டும்; முகம் நட்டுக்கு நேரே இருக்கக்கூடாது. நுரையை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றிய வண்டி இடது வளைவில் ஒருவிதமாகவும் வலது வளைவில் வேறுவிதமாகவும் நடக்கும்.

கடைசி இறுக்கத்தை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது செய்வது பரவலான பழக்கம். அப்போது சக்கரம் கீழே இறங்கி நிற்கும். கழற்றி மாட்டும்போது தளர்த்திய, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகளை அந்த நிலையில் இறுக்கினால், உள்ளே ஒட்டியிருக்கும் ரப்பர் புஷ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு, நிற்கும்போதும் ஓடும்போதும் அப்படியே இருக்கும். நாளடைவில் அது கிழியத் தொடங்கும். பின்சக்கரத்தின் கோணம் மாறும். அதற்கும் விளக்கு எரியாது.