காகிதக் கட்டில் சிக்கிய துப்பறியும் இலாகா!

கள்ளனைத் தேடிப் பிடிப்பதில் உலகப் பெயர் வாங்கியது அமெரிக்காவின் எப்.பி.ஐ. இலாகா. ஆனால் தன் வழக்குக் கட்டைத் தேடி எடுக்கத்தான் அது திண்டாடியது!

வழக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற 17 கோடி டாலர் செலவழித்து, 2005-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. மறு வருஷம் 'சென்டினல்' என்ற புதுத் திட்டம் பிறந்தது. பெரிய நிறுவனம் ஒன்று காண்ட்ராக்ட் எடுத்தது. 2010-ல் பார்த்தால், நான்கு கட்டத்தில் இரண்டுதான் முடிந்திருந்தது. பணமோ பெரும்பாலும் கரைந்துவிட்டது.

அந்தச் செப்டம்பரில் இலாகா வேலையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. 'அஜைல்' என்ற முறையைக் கையாண்டது. வீடு முழுவதும் கட்டிச் சாவி கொடுக்கும் முறையல்ல இது. ஓர் அறை எழும்பியதும் குடிவரப் போகிறவரை அழைத்துக் காட்டி, "ஜன்னல் இங்கே போதுமா?" என்று கேட்கும் முறை. இரண்டே வாரத் தவணை. தவணை முடிந்ததும், செய்ததை ஓட்டிக் காட்டவேண்டும். "முக்கால்வாசி ஆயிற்று" என்ற சமாதானம் செல்லாது. காண்ட்ராக்ட் ஊழியர் சுமார் 220 பேர் 40 ஆகக் குறைந்தனர். ஆள் குறைந்தது, வேலை நகர்ந்தது!

மந்திரம் ஒன்றுமில்லை. குறித்த தேதி தவறவே செய்தது. 2011 அக்டோபரில் பல நூறு பேர் ஒரே சமயத்தில் சோதித்தபோது சென்டினல் இருமுறை படுத்துவிட்டது. புதிய யந்திரங்கள் வாங்க வேண்டியதாயிற்று.

2012 ஜூலை 1-ந் தேதி சென்டினல் இலாகா முழுவதிலும் வேலையைத் தொடங்கியது. மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் காகிதம் மேஜை மேஜையாக அலைவது நின்று, ஒப்புதலும் கம்ப்யூட்டரிலேயே கிடைத்தது.