கலக்கக் கூடாது என்றிருந்த ஊர்

விழா மேடைகள் – 9

நியூபோர்ட் ஜாஸ் விழாவை 1954-இல் தொடங்கிய ஜார்ஜ் வெய்னிடம், அதுபோல் ஒன்றை நியூ ஆர்லியன்ஸிலும் நடத்தித் தரச் சொல்லி 1962-இல் கேட்டார்கள். பேச்சு முறிந்தது. நிறப் பாகுபாடு கோலோச்சிய காலம். வெள்ளையரும் கறுப்பரும் கலந்த குழுவை மேடையேற்றுவது பெரும்பாடு. கறுப்பினக் கலைஞர்களுக்கு நல்ல ஹோட்டல்களில் அறை கிடையாது. வெய்னின் மனைவி ஜாய்ஸும் கறுப்பினத்தவர். ஜாஸைப் பெற்றெடுத்த ஊரிலேயே ஜாஸ் விழா நடத்த வழியில்லை.

1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. விழா கைகூட மேலும் ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1970 ஏப்ரலில் அது தொடங்கிய இடம் காங்கோ சதுக்கம். அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிறுதோறும் கூடி, கொட்டு முழக்கி ஆடிய திடல் அது. டியூக் எலிங்டன் வந்தார். மஹாலியா ஜாக்சன் பாடினார். கேட்க வந்தவர்கள் ஏறத்தாழ 350 பேர். வாசிக்க வந்தவர்கள் அதைவிட அதிகம்!

1972-இல் விழா குதிரைப் பந்தய மைதானத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று அங்கே பத்துக்கும் மேற்பட்ட மேடைகள். காஸ்பலுக்கு ஒரு பந்தல், ப்ளூஸுக்கு ஒன்று, பழைய பாணி ஜாஸுக்கு ஒன்று, புதிய ஜாஸுக்கு இன்னொன்று. 'ஃபே டோ டோ' மேடையில் கேஜன், ஸைடகோ இரண்டும் உண்டு. கனடாவிலிருந்து விரட்டப்பட்ட பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தது கேஜன். பிரெஞ்சு பேசிய கறுப்பினத்தவர் வளர்த்தது ஸைடகோ. இரண்டுக்கும் அக்கார்டியன் பொது. ஸைடகோவில் மட்டும் ஒருவர் நெளிநெளியான தகரத்தை மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியால் உரசித் தாளம் போடுவார்.

பல விழாக்களில் வகைக்கு ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துப்போட்டு, அதைக் கலவை என்கிறார்கள். இங்கே வகைகள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். புரொஃபசர் லாங்ஹேரையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூஸ் பியானோவில் கியூபாவின் ரும்பா தாளத்தைப் பின்னியவர். துறைமுக நகரத்தில்தான் அப்படியொரு கை வாய்க்கும். ஊர் மறந்துபோன அவர் ஓர் இசைத்தட்டுக் கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். விழாக்காரர்கள் தேடிப் பிடித்து 1971-இல் மேடையேற்றினார்கள். 1980-இல் இறக்கும்வரை அந்த விழாவின் நாயகன் அவர்தான்.

'பெயரில் ஜாஸ், போஸ்டரில் ராக்' என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. நியாயம்தான். டிக்கெட் விற்பது பெரிய நட்சத்திரங்கள். ஆனால், விழாவின் உரிமை லாப நோக்கற்ற அறக்கட்டளையிடம் இருக்கிறது. வருமானத்தில் ஒரு பங்கு உள்ளூர்ப் பிள்ளைகளின் இலவச இசைப் பயிற்சிக்குப் போகிறது. ராக் பாடகரைப் பார்க்க வந்தவர், போகிற வழியில் காஸ்பல் பந்தலில் நின்றுவிடவும் கூடும். பெரிய பெயருக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: அது பக்கத்துப் பந்தலுக்கு ஆள் சேர்க்கிறதா, அங்கிருக்கும் ஆளையும் இழுத்துக்கொள்கிறதா?

அதே சோதனையை அடுத்த வாரம் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரே ஜாஸ் விழாவுக்கும் வைத்துப் பார்ப்போம். 1971-இல் ஒரு ராக் கச்சேரியின் நடுவே அரங்கமே தீப்பிடித்து எரிந்த ஊர் அது.

(தொடரும்)