பேச முடியாதவர்களுக்கும் குரல் கொடுக்கலாம்! உங்கள் கம்ப்யூட்டரிலேயே வழி இருக்கிறது

குழந்தைக்கு வயிறு வலிக்கிறது. ஆனால் அதைச் சொல்லப் பேச்சு வரவில்லை. அழுகிறது. பசிக்கிறது போலும் என்று அம்மா சாதம் ஊட்ட வருகிறார். குழந்தை தட்டைத் தள்ளிவிடுகிறது. 'எவ்வளவு பிடிவாதம் பார்' என்று திட்டு விழுகிறது. பேச்சு வராத குழந்தை இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிற காட்சி.

பெரியவர்களுக்கும் இந்த நிலை வரும். பக்கவாதம் வந்தபின் பேச்சு குழறிப் போனவர்கள், தசைகள் பலமிழக்கும் நோய் வந்தவர்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். சொல்ல நினைப்பது உள்ளே இருக்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை.

பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் நீங்கள் வாங்கிய கம்ப்யூட்டரும் கையில் இருக்கும் மொபைல் போனும் அந்த வழியைத் திறந்து விட முடியும். பெரிய செலவு இல்லாமல் இன்றே தொடங்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஏ.ஏ.சி. என்றால் என்ன?

பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ பயன்படும் எல்லா முறைகளுக்கும் பொதுவான பெயர் 'ஆக்மென்டேடிவ் அண்ட் ஆல்டர்நேட்டிவ் கம்யூனிகேஷன்'. சுருக்கமாக ஏ.ஏ.சி. என்பார்கள். தலையாட்டுவதும், விரல் நீட்டிக் காட்டுவதும், படம் ஒட்டிய அட்டையும் இதில் அடக்கம். கம்ப்யூட்டரில் வரும்போது, படத்தைத் தொட்டால் அல்லது எழுத்தை டைப் செய்தால் மெஷின் அதை உரக்கப் பேசும்.

இந்த முறையை உலகம் முழுவதும் அறியச் செய்தவர் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங். 1985-ல் நிமோனியா காய்ச்சலின்போது அவர் உயிரைக் காப்பாற்றத் தொண்டையில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. பேச்சு முழுவதும் போய்விட்டது. தொடக்கத்தில் ஒருவர் எழுத்து அட்டையைக் காட்டுவார்; சரியான எழுத்து வரும்போது ஹாக்கிங் புருவத்தை உயர்த்துவார். பிறகு அமெரிக்காவைச் சேர்ந்த வால்ட் வோல்டோஸ் என்பவர் 'ஈக்வலைசர்' என்ற புரோகிராமைக் கொடுத்தார். அதே மாதிரியான நோய் வந்த தன் மாமியாருக்காக அவர் எழுதிய புரோகிராம் அது! ஒரே ஒரு பட்டனை அழுத்தி, திரையில் ஓடும் சொற்களிலிருந்து தேவையானதை ஹாக்கிங் தேர்ந்தெடுத்தார். கை விரல்களும் ஓய்ந்தபின் கன்னத்தின் அசைவைக் கண்ணாடியில் பொருத்திய சென்சார் படித்தது. 2018-ல் மறையும் வரை இப்படித்தான் பேசினார், புத்தகங்கள் எழுதினார். அவருக்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கிய 'ஏகேட்' சாப்ட்வேர், 2015-ல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது.

சென்னையில் பிறந்த 'ஆவாஸ்'

இந்தத் துறையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், 'வித்யா சாகர்' என்ற சென்னைச் சிறப்புப் பள்ளியின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து ஒரு பேசும் கருவியை உருவாக்கினார். அதன் பெயர் 'ஆவாஸ்'. இந்தியில் 'குரல்' என்று பொருள். முதலில் தனிக் கருவியாக வந்த இது, பிறகு டேப்லெட்டில் ஓடும் ஆப் ஆக மாறியது. இதற்காக அஜித் நாராயணன் 2011-ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழின் 35 இளம் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் இடம் பிடித்தார். ஆவாஸ் தமிழிலும் கிடைக்கிறது.

நெதர்லாந்தில் உருவாகி 2009-ல் வெளிவந்த 'புரோலோகோ டூ கோ' உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும், விலையும் அதிகம், தமிழ் இல்லை. 'சிபோர்டு' என்பது ஓப்பன் சோர்ஸ். பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம். எந்த ஆப் ஆனாலும் காசு கொடுக்கும் முன் இலவச சோதனைக் காலம் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை நாலு நாள் பயன்படுத்திப் பார்த்தபின் வாங்குவதே புத்திசாலித்தனம்.

தமிழில் ஒரு சிக்கல்

பல ஆப்களின் பலகை ஆங்கில வாக்கிய அமைப்பில் இருக்கும். இடமிருந்து வலமாக 'நான்', 'வேண்டும்', 'தண்ணீர்' என்று பட்டன்கள் இருக்கும். அப்படியே மொழிபெயர்த்துத் தொட்டால் 'நான் வேண்டும் தண்ணீர்' என்று மெஷின் பேசும். நம் வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? எனவே பலகையை நீங்களே திருத்த வேண்டும். 'நான்' பட்டனுக்குப் பக்கத்தில் 'எனக்கு' என்று ஒரு பட்டன் வையுங்கள். பொருட்களை நடுவில் வையுங்கள். 'வேணும்', 'வேண்டாம்' ஆகியவற்றை வலது ஓரத்தில் வையுங்கள். இப்போது 'எனக்கு தண்ணி வேணும்' என்று ஒழுங்காக வரும்.

படங்களும் அப்படித்தான். ரெடிமேட் படங்களில் சாண்ட்விச் இருக்கும், இட்லி இருக்காது. உங்கள் வீட்டுத் தட்டையும், டம்ளரையும், பாட்டியையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். குழந்தை சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டில் கிடைக்காத படங்களுக்கு, ஸ்பெயின் நாட்டின் அரகோன் மாநில அரசு நடத்தும் 'அராசாக்' தளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. வியாபாரம் அல்லாத உபயோகத்துக்கு இலவசம்.

நீங்களே ஒரு பேசும் பலகை செய்யலாம்

ஆப் எதுவும் வாங்காமல் பவர்பாயின்ட்டிலேயே ஒரு பேசும் பலகை செய்யலாம். ஒரு மாலை நேரம் போதும்.

1. ஆறு போட்டோக்கள் எடுங்கள். தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலிக்குது, இன்னும் வேணும், வேண்டாம். இவற்றைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள்.

2. 'ஆடாசிட்டி' என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். மைக் முன்னால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ சென்று 'வேவ்' வகை ஃபைலாக சேமியுங்கள். எம்.பி.3 ஆக சேமித்தால் அடுத்த கட்டத்தில் வேலை செய்யாது. பேசுவது பெண் குழந்தைக்காக என்றால் அவள் வயதுள்ள ஒரு சிறுமியைப் பேசச் சொல்லுங்கள். அப்பாவின் கட்டைக் குரலில் அவள் பேசினால் நன்றாகவா இருக்கும்?

3. பவர்பாயின்ட்டில் காலி ஸ்லைடு ஒன்றைத் திறந்து, இன்செர்ட் டேபில் பிக்சர்ஸ் கிளிக் செய்து ஆறு படங்களையும் கொண்டு வாருங்கள். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசையில் பெரிதாக வையுங்கள். படங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அந்தச் சொல்லைத் தமிழில் டைப் செய்யுங்கள்.

4. முதல் படத்தைத் தேர்ந்தெடுத்து இன்செர்ட் டேபில் 'ஆக்ஷன்' கிளிக் செய்யுங்கள். வரும் டயலாக் பாக்ஸில் 'ப்ளே சவுண்ட்' என்பதில் டிக் அடியுங்கள். அதன் கீழே உள்ள பட்டியலின் கடைசியில் 'அதர் சவுண்ட்' இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படத்துக்குரிய ஒலி ஃபைலைக் காட்டி ஓகே கொடுங்கள். மற்ற ஐந்து படங்களுக்கும் இதேபோல் செய்யுங்கள்.

5. ஸ்லைடு ஷோ டேபில் 'செட்டப் ஸ்லைடு ஷோ' சென்று 'பிரவுஸ்டு அட் எ கியாஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது மிக முக்கியம். இல்லாவிட்டால் குழந்தையின் கை படத்துக்கு வெளியே பட்டதும் ஷோ முடிந்து கறுப்புத் திரை வந்துவிடும்.

6. எஃப்5 கீயை அழுத்துங்கள். படத்தைக் கிளிக் செய்தால் குரல் கேட்கும். வெளியேற எஸ்கேப் கீ. டச் ஸ்கிரீன் லேப்டாப் என்றால் விரலால் தொட்டாலே போதும்.

எம்.எஸ். ஆபீஸ் இல்லையா? கவலை வேண்டாம். இலவச 'லிப்ரே ஆபீஸ்' தொகுப்பின் இம்ப்ரெஸ் புரோகிராமில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்டராக்ஷன்' வழியாக ஒலியை இணைக்கலாம்.

எழுதத் தெரிந்தவர்களுக்கு

எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்குப் படம் தேவையில்லை. டைப் செய்ததைக் கம்ப்யூட்டர் தமிழில் பேசினால் போதும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'ஸ்பீச்' திறந்து, 'ஆட் வாய்ஸஸ்' மூலம் தமிழைச் சேருங்கள். அதில் கிடைக்கும் குரலுக்கு மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் பெயர் 'வள்ளுவர்'! பிறகு வேர்டில் டைப் செய்து, ரிவ்யூ டேபில் உள்ள 'ரீட் அலவுட்' கிளிக் செய்தால் படித்துக் காட்டும். ஆண்ட்ராய்டு போன்களிலும் கூகுளின் தமிழ்க் குரல் உண்டு. செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடிப் பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலருக்கு எழுத்தும் சொற்களுமே கைவிட்டுப் போயிருக்கும். முன்பு நன்றாகப் படித்தவர்தானே என்று கீபோர்டை நீட்டினால் மனம் நொந்துபோவார்கள். அவர்களுக்கும் போட்டோப் பலகைதான் ஏற்றது.

கை சரியாக வராவிட்டால்?

கை நடுங்குபவர்கள் ஒரு கீயை அழுத்தும்போது பக்கத்து கீயும் படும். ஒரே எழுத்து நாலு முறை விழும். வலது பக்க ஷிப்ட் கீயை 8 நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். 'ஃபில்டர் கீஸ்' வசதியை இயக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். சம்மதம் கொடுத்தால், தவறுதலாகப் படும் தொடுதல்களை அது கண்டுகொள்ளாது.

விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். அதன் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஸ்கேன் த்ரூ கீஸ்' என்று ஒன்று இருக்கிறது. கீபோர்டின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும். ஹாக்கிங் பயன்படுத்திய ஒற்றை பட்டன் முறையும் இதே தத்துவம்தான். கண் அசைவை மட்டுமே நம்பியிருப்பவர்கள், அதற்குரிய கேமராவை வாங்கினால் 'ஆப்டிகீ' என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம்.

இருக்கிற பேச்சும் நின்றுவிடுமா?

பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 'மெஷினைக் கொடுத்தால் சோம்பேறியாகிப் பேச முயலவே மாட்டானே?' 2006-ல் மில்லர், லைட், ஷ்லாசர் ஆகிய ஆய்வாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்து நம்பகமான 27 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். ஏ.ஏ.சி. பழகியதால் பேச்சு குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. 89 சதவீதம் பேருக்குப் பேச்சு ஓரளவு கூடியிருந்தது. எனவே 'இன்னும் ரெண்டு வருஷம் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டாம்.

பழக்குவது எப்படி?

பலகையை எதிரில் வைத்துவிட்டு 'தொடு, தொடு' என்று சொன்னால் குழந்தை கற்காது. முதலில் நீங்கள் பேசுங்கள். தண்ணீர் கொடுக்கும்போது நீங்களே 'தண்ணீர்' படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். நாம் பேசுவதைக் கேட்டுத்தானே எல்லாக் குழந்தைகளும் பேசக் கற்கின்றன? பலகை பேச்சும் அப்படித்தான் வரும். வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் ஆகலாம்.

பட்டன்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். புதிய சொற்களைக் காலி இடத்தில் சேருங்கள். ஆப்பிலிருந்து வெளியேறி கேம்ஸுக்குப் போகாமலிருக்க, ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்', ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள். சார்ஜ் தீர்ந்தால் குரலும் போய்விடும் அல்லவா? அதனால் பலகையை ஒரு தாளில் பிரின்ட் எடுத்துப் பையில் வையுங்கள். தண்டனையாகக் கருவியைப் பிடுங்கி வைக்கவே வைக்காதீர்கள். பேசும் பிள்ளை தவறு செய்தால் அதன் வாயையா கட்டிப் போடுகிறோம்?

இன்னொரு எச்சரிக்கை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் டைப் செய்ய வைப்பதும், அதைக் குழந்தையின் பேச்சு என்று காட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. அப்படி வருவது கையைப் பிடித்திருப்பவரின் சொற்களே என்று சோதனைகள் காட்டியுள்ளன. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கமும் 2018-ல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. தொடுவது குழந்தையின் விரலாக, அதன் விருப்பமாக இருக்க வேண்டும்.

எந்தப் பலகை ஏற்றது என்று முடிவு செய்யப் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கும் கேட்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதில் இந்த மாற்று முறைகளையும் சேர்த்தே சொல்கிறது.

கடைசியாக ஒன்று. 'வேண்டாம்' பட்டனை மறக்காமல் வையுங்கள். குழந்தை அதைத் தொட்டால் மதிப்புக் கொடுங்கள். சாதத் தட்டை நீட்டும்போது 'வேண்டாம்' தொட்டு, அடுத்து 'வலிக்குது' தொட்டால் அன்று யாரும் அதைப் பிடிவாதம் என்று திட்ட மாட்டார்கள். எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்பார்கள்.