பிரசன்டேஷன்: பவர்பாய்ண்ட்டைத் திறக்கும் முன்னர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வேர்ட், எக்ஸெல் ஆகியவற்றை அடுத்து ஆர்வத்துடன் திறந்து பார்ப்பது பவர்பாய்ண்ட் புரோகிராமைத்தான். வண்ணங்கள், படங்கள், பறந்து வரும் எழுத்துக்கள் எனப் பார்த்தவுடனே பிடித்துப் போகும். அரை மணி நேரத்தில் பத்து ஸ்லைட்களைத் தயார் செய்துவிடலாம். ஸ்லைட்கள் தயாராகிவிட்டால் பிரசன்டேஷனும் தயாராகிவிட்டது என்று நம்மில் பலர் எண்ணிக் கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

நான் மென்பொருள் துறையில் பணியாற்றுகிறேன். வாரத்திற்கு இரண்டு மூன்று பிரசன்டேஷன்களையாவது பார்க்கவோ நடத்தவோ வேண்டியிருக்கும். அவற்றில் நன்றாக அமைந்தவை எல்லாம் ஒரே வகையில் தயாரானவை. கேட்பவர்கள் மனதில் என்ன கேள்வி இருக்கிறது என்பதை முதலில் எழுதி, அதற்கான பதிலை வரிசைப்படுத்தி, கடைசியில்தான் கம்ப்யூட்டரைத் தொட்டிருப்பார்கள். அந்த வழியை இங்கு பார்ப்போம். உதாரணத்திற்கு என் சொந்த ஊரான சிலமலைக்கு அருகில் நடந்த ஒரு விஷயத்தையே எடுத்துக் கொள்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

ஒரு ஸ்லைட் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2003ஆம் ஆண்டு ஜனவரி 16ல் கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. நம் நாட்டின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் அதில் இருந்தனர். கிளம்பிய 82 விநாடிகளுக்குள், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் வானில் இருக்கும்போதே, இதனால் ஆபத்து உண்டா எனப் பொறியாளர்கள் ஆராய்ந்து பவர்பாய்ண்ட் ஸ்லைட்களாக நாசா அதிகாரிகளுக்கு விளக்கினர்.

அவற்றில் ஒரு ஸ்லைட் பின்னர் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதன் தலைப்பு, பயப்படத் தேவையில்லை என்பது போன்ற எண்ணத்தைத் தந்தது. ஆனால் மோதிய துண்டு, சோதனைகளில் பயன்படுத்தியதைக் காட்டிலும் 600 மடங்குக்கு மேல் பெரியது. இந்த முக்கியத் தகவல் ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், புள்ளிக்குள் புள்ளியாக ஒளிந்து கிடந்தது. பிப்ரவரி 1ல் திரும்பி வரும்போது விண்கலம் சிதறி, எழுவரும் உயிரிழந்தனர்.

விபத்துக்கு அந்த ஸ்லைட் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 2003 ஆகஸ்ட்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, சிக்கலான பொறியியல் விஷயங்களை முழுமையான அறிக்கையாக எழுதாமல் ஸ்லைட்களில் அடைத்துத் தரும் பழக்கத்தைக் கண்டித்தது. தகவல் காட்சியியல் வல்லுநர் எட்வர்ட் டப்டி அந்த ஸ்லைடை வரி வரியாக ஆராய்ந்து எழுதினார். நாம் இதிலிருந்து எடுத்துக் கொள்ள வேண்டியது ஒன்றுதான். கேட்பவர் எதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டுமோ, அது தலைப்பிலேயே இருக்க வேண்டும்.

பொட்டிப்புரம் மலையும் நியூட்ரினோவும்

இனி நம் உதாரணம். தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலைப் பகுதியில் உள்ளது பொட்டிப்புரம். சிலமலையிலிருந்து அதிகத் தொலைவில்லை. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை நீலகிரியின் சிங்காராவில் அமைக்க முதலில் திட்டமிட்டனர். முதுமலை புலிகள் காப்பகத்திற்கு அருகில் இருப்பதால் 2009ல் அங்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதன் பின்னர் பொட்டிப்புரம் தேர்வானது. 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் செலவிலான இத்திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

மலையின் அடியில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்கப்பாதை. எல்லாப் பக்கமும் குறைந்தது 1 கிலோமீட்டர் கனத்திற்குப் பாறை. நடுவே பெரிய குகை. அதில் 50,000 டன் காந்தமூட்டிய இரும்பாலான உணர்கருவி. இதுதான் திட்டம்.

மக்கள் எதிர்த்தனர். வெடி வைத்துப் பாறையைக் குடைந்தால் வீடுகள் அதிருமா? முல்லைப் பெரியாறு அணைக்கு ஆபத்தா? மேய்ச்சல் நிலம் என்ன ஆகும்? தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள்? கதிர்வீச்சு வருமா? இப்படிப் பல கேள்விகள் எழுந்தன. வழக்குகள் தொடரப்பட்டன. 2022ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்தை எதிர்த்துப் பதில் மனு தாக்கல் செய்தது.

திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்பளிப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால், இவ்வளவு பெரிய விஷயத்தை ஊர் மக்கள் முன் விளக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் எப்படித் தயாரிப்பீர்கள்? கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக் கொள்ளுங்கள்.

படி 1: கேட்பவர் யார்?

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். 2007 முதல் அது கம்ப்யூட்டர் மூலம் நடக்கிறது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த சாம்பிள் வியாபாரிகளின் கைக்கு வருகிறது. காயின் பருமன், நிறம், லிட்டர் எடை ஆகியவற்றைப் பார்த்து விலை கேட்கிறார்கள். ஏலக்காயின் வரலாற்றை அங்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வியாபாரிக்குத் தேவையானது மட்டும் அவர் முன் வைக்கப்படுகிறது.

நம் உதாரணத்திற்கு வருவோம். கேட்பவர்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் என்றால், 1930ல் வுல்ப்காங் பாலி இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று கணித்தது, 1956ல் அது சோதனையில் கண்டறியப்பட்டது, 1965ல் நம் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவானது என்று தொடங்கலாம். அவர்களின் கேள்வி, நியூட்ரினோ என்றால் என்ன என்பதுதான்.

கேட்பவர்கள் கிராம சபைக்கு வந்திருக்கும் விவசாயிகள், ஆடு மாடு வளர்ப்போர் என்றால், அவர்களின் கேள்வி வேறு. "எங்கள் மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும்?" பாலியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். பேசுபவருக்குத் தெரிந்தது ஒரு மலை அளவு இருக்கலாம். கேட்பவருக்குத் தேவையானது அதில் ஒரு கூடை அளவுதான். எந்தக் கூடை என்பதை அவரே முடிவு செய்கிறார்.

எனவே தாளின் மேல் பகுதியில், கேட்பவர் கேட்கக் கூடிய ஐந்து கேள்விகளை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். முடிந்தால் முன்கூட்டியே இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள்.

படி 2: ஒரே ஒரு வாக்கியம்

"இது முடிந்தவுடன் கேட்பவர் ... வேண்டும்" என்று எழுதி, நடுவில் உள்ள இடத்தை நிரப்புங்கள். நம் உதாரணத்தில் "திட்டம் எங்கே, எப்படி அமையும் என்று தெரிந்து, இரு தரப்பிடமும் சரியான கேள்வியைக் கேட்க முடிய வேண்டும்" என்று எழுதலாம். தாளில் சேர்க்கும் ஒவ்வொரு தகவலையும் இந்த வாக்கியத்துடன் ஒப்பிடுங்கள். அதற்கு உதவாத தகவலை, எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

படி 3: வரிசை

கிராம சபைக்கான வரிசை இப்படி அமையலாம்.

1. எந்த மலை, எந்த ஊர்: ஒரு வரைபடம்.
2. என்ன கட்டுவார்கள்: சுரங்கப்பாதை, குகை, கருவி.
3. நம் ஊரார் கேட்கும் ஐந்து கேள்விகள்.
4. வெடியும் அணையும்: திட்டத் தரப்பு சொல்வது, எதிர்ப்பவர்கள் சொல்வது.
5. தண்ணீரும் மேய்ச்சலும்: அதே போல இரு தரப்பு.
6. நியூட்ரினோ ஆபத்தானதா?
7. 2009 முதல் 2022 வரை நடந்தவை.
8. மேலும் யாரிடம் கேட்கலாம்?

நியூட்ரினோ பற்றி ஒரே ஒரு ஸ்லைட்தான் இருப்பதைக் கவனியுங்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் லட்சம் கோடிக் கணக்கில் நம் உடல் வழியே பாதிப்பின்றிப் போய்க் கொண்டிருக்கின்றன. இந்த ஆய்வகம் இயற்கையாக வருபவற்றைப் பதிவு செய்யும் இடம். இந்த இரண்டு வரிகள் போதும். வெடி, தண்ணீர் பற்றிய கேள்விகளுக்கு இது பதில் ஆகாது என்பதால்தான் அவற்றுக்குத் தனி ஸ்லைட்கள். ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியின் பதிலைத் தந்தால் கேட்பவரின் நம்பிக்கை போய்விடும்.

எதிர்ப்பவர் சொல்வதையும் அதே அளவு எழுத்தில், அதே ஸ்லைடில் தர வேண்டும். அதை மறைத்தால் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார். அதன் பின்னர் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

படி 4: எண்களைக் கண்முன் கொண்டு வருதல்

50,000 டன் என்றால் யாருக்கும் மனதில் படம் எழாது. 20 டன் ஏற்றும் லாரி என்று வைத்துக் கொண்டால் 2,500 லோடு இரும்பு. இப்படிச் சொன்னால், அந்த லாரிகள் எந்தச் சாலை வழியாக வரும் என்ற அடுத்த கேள்வி தானே எழும். அதற்கும் தயாராக இருங்கள். இதே கருவியின் 85 டன் மாதிரி ஒன்று மதுரையில் அமைக்கப்பட்டுள்ளது. பொட்டிப்புரத்திற்குத் திட்டமிட்டது அதைப் போல ஏறத்தாழ 600 மடங்கு என்று சொல்லலாம். ஒரு ஸ்லைடிற்கு ஓர் எண் போதும்.

இப்போது கம்ப்யூட்டரில்

பவர்பாய்ண்ட்டில் வியூ மெனு சென்று அவுட்லைன் வியூ தேர்ந்தெடுங்கள். தாளில் எழுதிய எட்டுத் தலைப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்திடுங்கள். ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் புதிய ஸ்லைட் கிடைக்கும். துணைச் செய்தி வேண்டும் இடத்தில் டேப் கீயை அழுத்துங்கள். டிசைன், வண்ணம், படம் எல்லாம் இதற்குப் பிறகுதான். பணம் கொடுத்து வாங்க விருப்பம் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

தலைப்பை முழு வாக்கியமாக அமையுங்கள். "தண்ணீர்" என்று எழுதுவதைக் காட்டிலும் "தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள்?" என்பது நல்ல தலைப்பு. எழுத்தின் அளவு 28 பாயிண்ட்டுக்குக் குறைய வேண்டாம். தொழில் முதலீட்டாளர் கை கவாசாகி 2005ல் சொன்ன விதி பிரபலமானது: 10 ஸ்லைட், 20 நிமிடம், 30 பாயிண்ட் எழுத்து. அப்படியே பின்பற்றாவிட்டாலும், அதை ஓர் அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம்.

நீங்கள் பேசப் போவதை ஸ்லைடில் எழுத வேண்டாம். கீழே உள்ள நோட்ஸ் பகுதியில் எழுதுங்கள். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டவா கூட்டம் கூட்டினோம்?

தமிழ் எழுத்தில் கவனம்

உங்கள் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும் தமிழ், மற்றொரு கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அந்த எழுத்துரு அங்கு இல்லாததே காரணம். எனவே யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். விண்டோஸ் தரும் நிர்மலா, லதா ஆகியவை போதும். வேறு எழுத்துரு வேண்டும் என்றால் பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, சேவ் பிரிவில், எழுத்துருவைப் பைலுடன் சேர்த்துப் பதியும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். கூடவே பி.டி.எப். ஆகவும் ஒரு பிரதி சேமித்து, பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என வைத்திருங்கள்.

மேடையில் உதவும் கீகள்

எஃப் 5 அழுத்தினால் முதல் ஸ்லைடிலிருந்து காட்சி தொடங்கும். ஷிப்ட் உடன் எஃப் 5 அழுத்தினால் அப்போதுள்ள ஸ்லைடிலிருந்து தொடங்கும். காட்சியின் நடுவே பி கீயை அழுத்தினால் திரை கறுப்பாகும். மக்கள் உங்களைப் பார்ப்பார்கள். மீண்டும் பி அழுத்த ஸ்லைட் வந்துவிடும். யாராவது தண்ணீர் பற்றித் திரும்பக் கேட்டால், 5 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நேராக ஐந்தாவது ஸ்லைட் கிடைக்கும். புரொஜெக்டரை இணைத்தும் படம் வரவில்லையா? விண்டோஸ் கீயுடன் பி அழுத்தி, டூப்ளிகேட் தேர்ந்தெடுங்கள்.

நேரமும் ஒத்திகையும்

20 நிமிடம் தந்திருந்தால் 12 நிமிடத்திற்குத் தயார் செய்திடுங்கள். மீதி நேரம் கேள்விகளுக்கு. ஸ்லைட் ஷோ மெனுவில் உள்ள ரிஹர்ஸ் டைமிங்ஸ் வசதி, ஒவ்வொரு ஸ்லைடிற்கும் எவ்வளவு நேரம் எடுத்துக் கொள்கிறீர்கள் என்று காட்டும். வீட்டில் அம்மாவையோ அப்பத்தாவையோ உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் முகம் சுருங்குகிறதோ, அந்த ஸ்லைடைத் திருத்துங்கள்.

கிராமங்களில் மின்சாரம் போகும். லேப்டாப் பாட்டரி இருந்தாலும் புரொஜெக்டர் நின்றுவிடும். எட்டுத் தலைப்புகளையும் வரைபடத்தையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் மக்கள் வீட்டிற்குக் கொண்டு போவதும் அந்தத் தாளைத்தான்.

தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரின் குளம், சாலை, பள்ளிக்கூடம் என ஏதேனும் ஒன்றைப் பற்றி எட்டு ஸ்லைட்கள் தயாரித்துப் பாருங்கள். முதலில் தாள், பிறகு கம்ப்யூட்டர் என்ற வரிசை மட்டும் மாற வேண்டாம்.